குதிரைமலையும் அல்லிராணி கோட்டையும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், மோதரகம் ஆறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அணித்தாக முள்ளிக்குளம் என்னும் ஊர் உள்ளது. முன்னே கடல், பக்கத்தே குளமும் வயலும், பின்னே காடு. அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் மறிச்சுக்கட்டி, கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு என்று ஊர்கள் தொடரும். தெற்கே ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காடு. அக்காட்டின் கடலோரத்திலே செம்மண் மேடாக எழுந்து நிற்பது குதிரைமலை. மலை என்பது பெயரளவிலேதான். மலைநாட்டார் கண்டால் நகைப்பர். ஆயினும் தட்டையாகக் கிடக்கும் எங்கள் கரையில் அதுவே உயர்ச்சி. கடலிற் சென்றோர் கரையை நோக்கித் திரும்பும்போது முதலிற் கண்ணிற் படுவது அது.

இக்கரையிற் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதைகளைப் பற்றிச் சில செய்திகளை இன்று கூற விழைகின்றேன். இவ்வெண்ணம் எனக்கு ஒரு விடைத்தாளினாற் பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் தரத்து வரலாற்றுப் பரீட்சையில், அரிப்பிலுள்ள டொறிக் மாளிகையைக் கட்டியவர் யாவர் என்று ஒரு வினா கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் "அல்லிராணி" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையினாற் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குச் சென்றேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் மேசையருகில் வந்து நின்றான்.

"சேர், எங்கட அப்பாச்சி பொய் சொல்லமாட்டா. அது அல்லிராணி கோட்டைதான். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

அவனுடைய குடும்பம் முள்ளிக்குளத்தைச் சேர்ந்தது. 2007-ஆம் ஆண்டு செப்டெம்பரிலே போர்ச்சூழலில் அவ்வூரார் அனைவரும் வெளியேற நேர்ந்தது; அதன்பின் பல ஆண்டுகள் ஊர்நிலம் கடற்படையின் வசம் இருந்தது. அப்பையன் முள்ளிக்குளத்திற் பிறந்தவனல்லன். குதிரைமலையை அவன் கண்ணாற் கண்டதுமில்லை. அவன் கையில் இருந்ததெல்லாம் பாட்டியின் கதைதான். அதன் குறுக்கே நான் கோடு இழுத்துவிட்டேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

அவன் எழுதியது தவறு என்பதில் ஐயமில்லை. அரிப்புக் கடற்கரையிலுள்ள அம்மாளிகையை எழுப்பியவர் பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதியாகிய பிறெடெறிக் நோத் என்பார். அவர் 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்டவர். முத்துக்குளிப்பு நிகழும் காலத்திலே தாமே வந்து தங்கிப் பார்வையிடும் பொருட்டு, 1801-க்கும் 1804-க்கும் இடையில் அதனைக் கட்டுவித்தார். கிரேக்க நாட்டுக் கட்டட மரபுகளுள் டொறிக் என்பது ஒன்று. அம்மரபிற் பருத்த தூண்களை முகப்பில் நிறுத்தியமையால் மாளிகைக்கு அப்பெயர் வந்தது. கொழும்பிலே படைக் குருவாகப் பணியாற்றிய ஜேம்ஸ் கோடினர் என்பவர் 1807-இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இதனை வியந்து வருணித்துள்ளார். இத்தனையும் எழுத்திற் கிடக்கும் சான்றுகள். அல்லிக்கு இதிற் பங்கு இல்லை.

ஆனால், ஊரார் ஏன் அதனை அல்லிராணி கோட்டை என்கின்றனர்?

அல்லியின் கதையைத் தமிழகத்தார் நன்கறிவர். அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாட்டு, புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கி, பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விலைபோனது. அக்கதையிலே அல்லி மதுரையை ஆண்ட பாண்டியன் மகள். அல்லிப்பூவிற் கண்டெடுக்கப்பட்டவள், வாளெடுத்துப் பகைவனை வென்று அரசைக் கைக்கொண்டவள், ஆடவர் முகத்தில் விழிக்க மறுத்தவள். அருச்சுனன் சூழ்ச்சி செய்து அவளை மணக்கின்றான். வியாசபாரதத்திலே வரும் சித்திராங்கதையே நாட்டார் வாயில் அல்லியாக மாறினாள் என்பது அறிஞர் கருத்து. மூலநூலில் அடக்கமாக வந்து போகும் அரசமகள், கதைப்பாட்டிலே அருச்சுனனையே அலைக்கழிக்கும் வீராங்கனையாக வளர்ந்துவிட்டாள்.

எங்கள் கரையிலே அவள் இன்னும் ஒருபடி மேற்சென்றுள்ளாள். இங்கு அவள் மதுரையைவிட்டு வந்து குதிரைமலையில் அரண்மனை அமைத்து முத்துப்பார்களையெல்லாம் ஆண்டாள். அரபு நாட்டு வணிகர் மரக்கலங்களிற் குதிரைகளைக் கொணர்ந்தனர். அவள் முத்தை அளந்து கொடுத்துக் குதிரையை வாங்கினாள். ஒருநாட் கடல் பொங்கி அரண்மனையை விழுங்கியது. இக்கதையைக் கத்தோலிக்க ஊர்களிலும் கேட்கலாம். முஸ்லிம் ஊர்களிலும் கேட்கலாம். முஸ்லிம் ஊர்களிற் சொல்லும்போது அரபு வணிகரின் பகுதி சற்று நீளும். அது இயல்பே. ஞானசௌந்தரி கூத்தை ஆடுகின்ற ஊரிலேயே அல்லியின் கதையும் வழங்குவது பிறர்க்கு வியப்பாயிருக்கலாம். மன்னாரிற் பிறந்தவர்க்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை.

மதுரையிலிருந்து அல்லி இங்கு எவ்வாறு வந்தாள்? மன்னார்க் குடாவின் இரு கரையிலும் முத்துப்பார்கள் உண்டு. கொற்கைக் கரையிற் குளித்தவர்களும் அரிப்புக் கரையிற் குளித்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள். அக்கரையில் குளிப்பு நிகழுங்கால் அங்கும், இக்கரையில் நிகழுங்கால் இங்கும் தோணியேறினர். தோணியிலே கல்லும் கயிறும் வந்தன. அவற்றோடு கதையும் வந்திருக்கும் என்பதே என் கருத்து.

இதனினும் பழைய செய்தி ஒன்று உண்டு. கி.மு. 300-ஐ அடுத்த காலத்திலே, சந்திரகுப்த மோரியனின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதராகிய மெகஸ்தனீஸ் எழுதிய குறிப்புகளைப் பிற்காலத்து அரியன் என்னும் ஆசிரியர் எடுத்துக் கூறுகின்றார். அதன்படி, ஹெராக்கிளிஸ் என்னும் வீரனுக்குப் பண்டையா என்று ஒரே மகள் இருந்தாள். அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வழங்கியது. கடலிலே முத்தைக் கண்டெடுத்த அவ்வீரன் மகளுக்கு அணிகலன் ஆகட்டுமென்று உலகெங்குமிருந்து முத்துக்களைத் திரட்டுவித்தான். பண்டையா என்பது பாண்டிய நாட்டைக் குறிப்பதென்பதை ஆராய்ச்சியாளர் ஏற்பர். முத்து விளையும் கடல், அதனை ஆளும் பெண் என்னும் இந்த இணைப்பு, அல்லி அரசாணி மாலை அச்சேறுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வெளிநாட்டான் காதில் விழுந்துள்ளது. பண்டையாவே அல்லி என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவோர் உளர். அது மிகைபடக் கூறல். ஆனால், என் மாணவனின் பாட்டி சொன்ன கதையின் வேர் நேற்று முளைத்ததன்று என்பதற்கு இது போதும்.

இனி, குதிரைக்கு வருவோம். குதிரைமலைக்கு அப்பெயர் எதனால் வந்தது? மலைமுனையிலே செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய ஓர் உருவத்தின் சிதைவு உண்டு. அதனைப் பெருங்குதிரை ஒன்றின் கால் என்று காட்டுவர். பிளினி என்னும் உரோம ஆசிரியர் தமது நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். அன்னியஸ் புளோகமஸ் என்பவன் செங்கடற் பகுதியிலே வரி தண்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன். அவனால் விடுதலை பெற்ற அடிமையொருவன் அரபுக் கரையோரமாகக் கலஞ் செலுத்துகையில் வாடைக்காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்புரொஸ் என்னும் துறையை அடைந்தான். தப்ரபேன் என்பது நம் இலங்கையே. அந்நாட்டு மன்னன் அவனை ஆறு திங்கள் விருந்தினனாக வைத்திருந்தான். அவன் கொணர்ந்த உரோம வெள்ளிக்காசுகள், வெவ்வேறு மன்னர் முகங்கள் பொறிக்கப்பட்டிருந்தும், நிறையில் ஒத்திருந்ததைக் கண்டு, நேர்மையுடைய நாடு இது என்று வியந்து, நால்வரைத் தூதராக உரோமுக்கு அனுப்பினான். அது குளோடியஸ் மன்னன் காலம், கி.பி. 41-க்கும் 54-க்கும் இடைப்பட்டது.

ஹிப்புரொஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குதிரைவால் என்பது பொருள். இத்துறையே குதிரைமலை என்று 19-ஆம் நூற்றாண்டு முதல் பலரும் எழுதிவந்துள்ளனர். பெயர் பொருந்துகின்றது என்பதைத் தவிர வேறு உறுதியான சான்று இன்னும் கிடைத்திலது. எனினும் புளோகமஸ் கட்டுக்கதையல்லன். எகிப்தின் கிழக்குப் பாலைநிலத்திலே, செங்கடலுக்கும் நைல் ஆற்றுக்கும் இடைப்பட்ட வணிகப் பாதையில், அவன் ஆளாகிய லைசாஸ் என்பவன் கி.பி. 6-ஆம் ஆண்டிற் பொறித்த எழுத்துக்கள் பாறையிற் கண்டுபிடிக்கப்பட்டன. மாணவர்க்கு இதனைச் சொன்னால் அவர்கள் முதலிற் கேட்பது காசைப் பற்றி. உண்மையும் அதுவே, காசைக் கொண்டு ஒரு நாட்டை மதித்த மன்னனின் கதை எந்த வயதினர்க்கும் விளங்கும்.

இன்னொரு குதிரையும் உண்டு. பௌத்த சாதகக் கதைகளில் 196-ஆவது வலாகஸ்ஸ சாதகம். தம்பபண்ணித் தீவிலே சிரீசவத்து என்னும் நகரில் இயக்கிகள் வாழ்ந்தனர். கலம் உடைந்து கரையொதுங்கும் வணிகரை அன்பு காட்டி அழைத்துச் சென்று, புதிய வணிகர் வரும்வரை கணவராக வைத்திருந்து, பின்னர் விழுங்கிவிடுவர். கலம் உடைந்தோரைத் தேடி அவ்வியக்கிகள் கல்யாணி ஆறு முதல் நாகதீபம் வரை கரையோரம் உலாவுவராம். கல்யாணி ஆறு என்பது களனி கங்கை. நாகதீபத்தை யாழ்ப்பாணத்துப் பக்கமென அறிஞர் கொள்வர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரையே முள்ளிக்குளத்தார் வலைபோடும் கரை! இயக்கியின் சூதை உணர்ந்த வணிகர்த் தலைவன் தப்பிச் செல்ல வழி தேடுகையில், வானிற் பறக்கும் வெண்குதிரை ஒன்று கரையில் இறங்கி, ஊருக்குப் போக விரும்புவோர் யாவர் என்று அழைக்கின்றது. அது போதிசத்துவரின் பிறப்பு. நம்பியவர் ஏறித் தப்பினர், தங்கியவர் மாண்டனர். இக்குதிரைக்கும் குதிரைமலைக்கும் தொடர்பு உண்டென்று நான் நிறுவ வரவில்லை. ஆயினும் ஒரே கரையிலே தமிழர் குதிரை ஒன்றும், சிங்களப் பௌத்தர் போற்றும் கதைக்குதிரை ஒன்றும், கிரேக்கர் பெயரிட்ட குதிரைவால் ஒன்றும் சேர்ந்து நிற்பதை வகுப்பிற் சொல்லாது விடுவது பாவம்.

சங்க நூல்களிலும் குதிரைமலை ஒன்று வருகின்றது. அது பிட்டங்கொற்றனுக்கு உரியது. பெயர் ஒற்றுமை கண்டு அதுவும் எங்கள் குதிரைமலையே என்று வாதித்தோர் உளர். அதனைச் சேரநாட்டுப் பக்கத்து மலை எனக் கொள்வதே பொருத்தம். பற்று மிகுந்த இடத்திற் சான்று மெலிந்துவிடக் கூடாது.

குவேனியின் கதையை எடுக்கும்போதுதான் வகுப்பு அமைதியாகின்றது. மகாவமிசம் கூறுவதை நேயர்கள் அறிவீர்கள். விசயனும் எழுநூறு தோழரும் தம்பபண்ணியில் இறங்குகின்றனர். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த இயக்கி குவேனி விசயனை மணந்து, தன் குலத்தாரை அழிக்கத் துணைநின்று, நாட்டை அவன் கையில் ஒப்படைக்கின்றாள். முடிசூடுதற்கு அரசமகள் வேண்டுமென்று கூறி அவன் மதுரைக்குத் தூது விடுகின்றான். பாண்டியன் மகள் வந்திறங்குகின்றாள். குவேனி இரு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தன் குலத்தாரிடம் திரும்பிச் செல்ல, அங்கே அவள் கொல்லப்படுகின்றாள். விசயன் ஆண்டுதோறும் தன் மாமனாகிய பாண்டியனுக்கு இரண்டு இலட்சம் பெறுமதியான முத்தை அனுப்பினான் என்றும் அந்நூல் சொல்கின்றது. அந்த முத்து எந்தக் கடலில் எடுக்கப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வில்பத்துக் காட்டிலே காளிவில்லுக்கு அண்மையிற் கற்றூண்கள் கிடக்கும் இடம் ஒன்றைக் குவேனியின் மாளிகை என்பர். தூண்கள் பிற்காலத்தவை. ஆனால் அக்காட்டின் மக்கள் வாழ்வு மிகப் பழையது. பொம்பரிப்பு என்னும் இடத்திலே, 1956–57-இல் தொல்பொருட் டிப்பாட்மெண்டாரும், 1970-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் அகழ்ந்தபோது, இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த தாழிகள் வெளிப்பட்டன. கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும் மணிகளும் உடன் கிடைத்தன. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவை ஒத்திருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டினர். விசயன் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் காலத்தை ஒட்டியே, இயக்கரல்லாத சாதாரண மாந்தர் அங்கு வாழ்ந்து, தம் முதியோரைத் தாழியிலிட்டுப் போற்றியுள்ளனர். கதை அவர்களை இயக்கர் என்று பெயரிட்டுக் காட்டுக்குள் தள்ளிவிட்டது. வந்தவர் எழுதிய கதையில் இருந்தவர் எப்போதும் இயக்கரே.

பிள்ளைகள் இவ்வாராய்ச்சியைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அந்த ரெண்டு பிள்ளையளுக்கும் பிறகு என்ன நடந்தது?" அவர்கள் மலைநாட்டுக்கு ஓடி ஒளிந்து வாழ்ந்தனர்; அவர்கள் வழியில் ஒரு குலம் பெருகியது என்று நூல் சொல்வதைச் சொல்லி வைப்பேன். இடம்பெயர்ந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அவ்விடை போதவில்லை என்பது முகத்திலே தெரியும்.

கடலைப் பற்றிய கதைகளிலே முதலாவது முத்தின் பிறப்பு. சோதி நாளிற் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்க, அத்துளி முத்தாகின்றது என்பது நம் முன்னோர் கூற்று. பிளினியும் பனித்துளி என்று ஏறக்குறைய இதையே எழுதினார். யானைக்கொம்பு, மூங்கில், கரும்பு, செந்நெல் ஆகியவற்றிலும் முத்துப் பிறக்கும் என்று நம் நூல்கள் பட்டியல் தருவதை மாணவர் நம்புவதில்லை. ஆனால் மழைத்துளியை மட்டும் நம்புகின்றனர்! இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கை அறிஞருமான கேலாட் என்பார் 1850-களின் இறுதியிலே, சிப்பிக்குள் வாழும் நுண்புழுக்களே முத்துக்குக் காரணமாகலாம் என்று எழுதினார். 1902-இல் லிவர்பூலிலிருந்து வந்து எங்கள் பார்களை ஆராய்ந்த பேராசிரியர் ஹெர்ட்மன், நாடாப்புழுவின் குடம்பியே முத்தின் கரு என்று கூறினார். இன்றைய அறிவியல், புழுவே காரணம் என்று கொள்வதில்லை. சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மேற்றோலின் உயிரணுக்கள் ஏதோ ஒரு காயத்தால் உட்தசையிற் புகுந்து, அங்கே பையாகி, அப்பையினுள் ஓட்டுப்பொருளைப் படலம் படலமாகச் சுரப்பதால் முத்து உருவாகின்றது. புண்ணை மூடுகின்ற முயற்சியே முத்து. மழைத்துளிக் கதையைவிட இது அழகில் குறைந்ததன்று. இரண்டையும் ஒரே பாடத்திற் சொன்னால் ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதுமில்லை.

இரண்டாவது கதை கடல்கட்டியினது. குளிப்பு நாளிலே, மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டும் ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் கரையிலிருந்து ஓதாவிட்டால் ஒருவரும் நீரில் இறங்கார். எமேசன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட நூலிலே இப்பெயரை அப்படியே குறித்துள்ளார். ஆட்சியாளர் இம்மந்திரத்தை நம்பவில்லை. ஆயினும் ஊதியம் கொடுத்தனர். கடல்கட்டி இல்லையேற் குளிப்பு இல்லை, குளிப்பு இல்லையேல் வருவாய் இல்லை என்பதை அவர்கள் அறிவர். கல்லைக் காலிற் கட்டி, கயிற்றைப் பற்றி, பல பாக ஆழத்திற்கு இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பியைக் கூடையிலிடும் மனிதனுக்கு, மேலே தனக்காக ஒருவர் ஓதிக்கொண்டிருக்கின்றார் என்னும் நினைவு எவ்வளவு வலிமை தந்திருக்கும் என்பதை எண்ணுக. மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்பது பழைய பெயர். சிலாவத்துறை என்னும் ஊர்ப்பெயரில் அது இன்றும் உறைகின்றது. 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருவாய் கிடைத்தது. சிப்பியை மூன்று கூறிட்டு, ஒரு கூறு குளித்தவர்க்கு. இரு கூறு அரசுக்கு. மறிச்சுக்கட்டியிலே காட்டை அடுத்த வெறுமணலில், சில கிழமைகளுக்குள் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழுந்தது. பாரசீகக் குடாவிலிருந்து அரபுக் குளிகாரரும் வந்தனர். 1906-இல் அரசாங்கம் பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குப் பின் சிப்பி அற்றுப்போயிற்று; கம்பனியும் கலைந்தது. பேராசையாற் கடலம்மா முத்தை மறைத்துக்கொண்டாள் என்று ஊரிலே இதற்கும் ஒரு கதை உண்டு. அக்கதையை நான் திருத்துவதில்லை.

அந்த 1906-ஆம் ஆண்டுச் சலாபத்திலே கடமை பார்த்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் லெனாட் வுல்ஃப். அங்குக் கண்டவற்றை வைத்து அவர் எழுதிய "முத்துக்களும் பன்றிகளும்" என்னும் சிறுகதை 1921-இல் வெளியான அவருடைய கீழைநாட்டுக் கதைத்தொகுதியில் உள்ளது. உலக இலக்கியத்திலே எங்கள் மணற்பரப்பு இடம்பெற்ற சிறுகதை அது. மேல்வகுப்பு மாணவர்க்கு உரியது. கீழ்வகுப்பினர்க்கு வேறொருவர் இருக்கின்றார். 1679-ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, கண்டியரசனின் காவலிலிருந்து தப்பிய இரு ஆங்கிலேயர், அருவியாற்றின் கரையைப் பற்றிக் காட்டுவழியே நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தனர். ஒருவர் றொபேட் நொக்ஸ். மற்றவர் ஸ்டீபன் றட்லண்ட். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்குச் சிறையிருந்த நொக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூல், 1719-இல் டானியல் டீபோ எழுதிய றொபின்சன் குரூசோவுக்கு ஒரு தூண்டுகோல் என்பது ஆங்கில இலக்கிய வரலாற்றார் கருத்து. உலகெங்கும் சிறுவர் படிக்கும் அக்கதையின் ஒரு நூலிழை எங்கள் ஆற்றுமுகத்திலே தொடங்குகின்றது என்று சொன்னால், பிள்ளைகள் ஐயத்தோடு நோக்குவர். அவர்களைக் கூட்டிச் சென்று இடிந்த கோட்டையைக் காட்டினேன். ஒருவன் ஆற்றங்கரை மணலிலே காலடித்தடம் தேடினான்.

எங்கள் பாடநூல்களிலே நரியும் திராட்சையும் உண்டு. குரங்கும் முதலையும் உண்டு. அவை நல்ல கதைகளே. ஆனால் நரி எந்தக் காட்டில் வாழ்ந்தது என்று பிள்ளை கேட்பதில்லை. அல்லி எந்த மேட்டில் இருந்தாள் என்று கேட்கின்றது. இடத்தோடு ஒட்டிய கதைக்கு இடம் வேண்டும். 1990-ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களின் பிள்ளைகள் புத்தளத்துக் கொட்டில்களிலே வளர்ந்தனர். 2007-க்குப் பின் முள்ளிக்குளத்துப் பிள்ளைகள் பல இடங்களிற் சிதறினர். 2012-இல் மீண்டு வந்த குடும்பங்கள் ஊருக்குள் குடியேற இயலாது அண்மையிலுள்ள மலங்காட்டிலே கொட்டில் அமைத்தன. 2017 ஏப்ரலிலே ஊராரின் அறப்போராட்டத்தின் பின், 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்க இணக்கம் ஏற்பட்டது. ஒரு தலைமுறைக் காலம் இரு சமயத்துப் பாட்டிமாரும் இல்லாத ஊரை வைத்துக் கதை சொல்லினர். "அந்தா தெரியுது பார், அதுதான் குதிரைமலை" என்று விரல் நீட்டிச் சொல்ல வேண்டிய இடத்திலே, விரல் நீட்ட ஒன்றும் இருக்கவில்லை.

டொறிக் மாளிகையோ நாளுக்கு நாள் சிதைகின்றது. கரைமேட்டைக் கடல் அரித்து, மாளிகையின் ஒரு பகுதி சரிந்து மணலில் வீழ்ந்துவிட்டது. எஞ்சிய சுவர்களிலே வெடிப்புகள் ஓடுகின்றன. அல்லியின் அரண்மனையைக் கடல் விழுங்கியது என்னும் கதையைக் கேட்ட பிள்ளை, அதே காட்சியைத் தன் கண்ணெதிரே காண்கின்றது. தேசாதிபதியின் வீட்டுக்கு அல்லியின் பெயரை இட்டவர்கள் அறிந்தே இட்டனரோ என்று சிலவேளை எண்ணுவேன்.

அந்த விடைத்தாளைப் பற்றிச் சொல்லி நிறுத்துகின்றேன். மறு ஆண்டு அதே வினாவைச் சற்று மாற்றிக் கொடுத்தேன். அரிப்பு டொறிக் மாளிகையைக் கட்டியவர் யாவர்? ஊரார் அதற்கு வழங்கும் பெயர் யாது? அப்பெயர் வரக் காரணம் யாதென நீர் கருதுகின்றீர்? முதல் இரண்டுக்கும் அப்பையன் சரியாகவே எழுதியிருந்தான். மூன்றாவதற்கு அவன் எழுதியது இது: தேசாதிபதி தன் ஊருக்குப் போய்விட்டார். வீடு ஆளில்லாமற் கிடந்தது. ஆளில்லாத வீட்டை வேறு யாரும் எடுத்துவிடாதபடி எங்கள் ஆட்கள் அதை அல்லிராணிக்குக் கொடுத்தார்கள்.

எழுத்துப்பிழை இரண்டு இருந்தன. அவற்றை மட்டும் திருத்தினேன்.